ராசா வீட்டுக் கொம்பு

நான் துவக்குத் தூக்கியதில்லை. ஒரு முயலைக்கூடக் கொன்றதில்லை. வெள்ளிக்கிழமையில் வீட்டுக்குள் முட்டை வரவும் விடமாட்டேன். அப்படிப்பட்ட நான் டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகருக்கு வெளியே ஒரு வேட்டைக்காரர் கூட்டத்தில் கொம்பு ஊதுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? என் கணவர் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பி, "உமக்கு இப்ப கொம்பு முளைச்சிட்டுது" என்றார். வயது போன காலத்தில் இது என்ன கூத்து என்று ஊரிலிருந்து தங்கை தொலைபேசியில் கேட்டாள். ஐம்பது தாண்டினால் வயது போய்விட்டதா? எனக்குக் கோபம்தான் வந்தது.

என்னை அதற்குள் இழுத்துவிட்டவள் ஒரு டெனிஷ்காரி. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் என்னோடு ஒரே நேர வேலை செய்தவள். சனிக்கிழமை ஓய்வு கிடைத்தால் காட்டுக்குப் போய்விடுவாள். அவர்களுடைய ஊதுகிற கூட்டத்தில் ஒருவர் ஒடென்சேக்கு வீடு மாறிப் போய்விட, ஆள் குறைந்துவிட்டது. காது கேளாத ஒரு கிழவருக்கு நான் நடைக்கூடத்தின் இந்த முனையில் நின்று சாப்பாடு தயார் என்று கத்தியதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு மூச்சை வைத்துக்கொண்டு வீணாக்குகிறாயே என்றாள். ஏலாது என்று முகத்துக்கு நேரே சொல்வதற்காகத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவர்கள் பழகும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனேன். போனவள் போனவள்தான்.

கொம்பு என்கிறேனே தவிர, அது பித்தளைக் குழாயைச் சுருட்டிப் பச்சைத் தோல் சுற்றிய சாமான். துளையும் இல்லை, விசையும் இல்லை. உதடும் மூச்சும்தான். கையால் எண்ணக்கூடிய சில சுரங்கள்தான் அதில் வரும். அந்தச் சில சுரங்களை வைத்துக்கொண்டு இந்த மனிதர்கள் ஒரு பாஷையே செய்து வைத்திருக்கிறார்கள். வேட்டை தொடங்குகிறது என்பதற்கு ஓர் ஊதல், இனிச் சுடாதே என்பதற்கு ஒன்று, சாப்பிட வாருங்கள் என்பதற்கும் ஒன்று. பின்னேரம், செத்த மிருகங்களை ஊசியிலைக் கொப்புகளின்மேல் வரிசையாகக் கிடத்துவார்கள். மானுக்கு ஓர் ஊதல், நரிக்கு வேறு, முயலுக்கு வேறு. அந்த வரிசையைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. படுத்திருப்பவரைக் கடந்து போகாதே என்று சொல்லி வளர்ந்த எனக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் 'யாக்ட் ஃபோர்பி', வேட்டை முடிந்தது என்ற ஊதல். அதற்கு எல்லோரும் தொப்பியைக் கழற்றுவார்கள். வேட்டைக்காரர் ஒருவர் செத்தால் அவருடைய புதைகுழியருகிலும் அதையே ஊதுவார்கள்.

ஒரு இலையுதிர் காலத்தில் அவள் என்னைப் பழைய பண்ணை மாளிகை ஒன்றின் பக்கத்திலிருந்த தேவாலயத்துக்குக் கூட்டிப் போனாள். சுவரில் மரத்தில் செதுக்கிய ஒரு குலச்சின்னக் கேடயம். பொன்னிறப் பின்னணியில், வாரில் தொங்கும் ஒரு கறுப்புக் கொம்பு. முந்தி மான் வேட்டை ராசாவுக்கும் பிரபுக்களுக்கும் மட்டும்தான் என்று அவள் சொன்னாள். குடியானவன் மானில் கை வைத்தால் தொலைந்தான். கொம்பு அவர்களுடைய கேடயத்தில் இருக்கும். குடியானவனுக்குக் கேடயமே கிடையாது. அவளுடைய ஆட்கள் அந்த மாளிகையின் குத்தகைக் குடியானவர்களாம். இந்தக் கொம்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் தடியால் புதரில் அடித்து மிருகத்தைக் கலைத்துவிடுவதுதான் அவர்கள் வேலை. "இப்போது நான் ஊதுகிறேன், நீயும் ஊதுகிறாய்" என்று சொல்லி, தேவாலயம் என்றும் பாராமல் வயிறு குலுங்கச் சிரித்தாள். நான் அந்தக் கேடயத்தைப் படம் எடுத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது, முந்தி இங்கே சிவப்புத் தபால் பெட்டிகளில் பொறித்திருந்த கொம்புகூட இதற்கு உறவுதான் என்றாள். பேச்சிலும் அவர்களுக்குக் கொம்பு இருக்கிறது. ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொன்னால், 'ஒரே கொம்பில் ஊதுகிறார்கள்' என்பார்கள். நாங்கள் 'ஒத்து ஊதுறது' என்போமே, அது போலத்தான்.

இதையெல்லாம் நான் வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னேன். என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது ராசா வீட்டுச் சாமான் எண்டு சொல்லும்" என்றார். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கேடயப் படத்தைத் தன் கைத்தொலைபேசியில் காட்டுவார். கேடயத்தின் கதை மட்டும்தான் வரும். புதரில் தடியால் அடித்தவர்களின் கதையை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

என் சிநேகிதிக்குப் புற்றுநோய் வந்தது. நல்ல மனுசிக்குத்தான் இப்படியெல்லாம் வரும். கடைசி மாதங்களில் வீட்டிலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். தன் குழியருகில் வேட்டை முடிந்த ஊதலை நான்தான் தொடங்க வேண்டும் என்று கேட்டாள். மற்றவர்கள் அழுது சுருதியைக் கெடுத்துவிடுவார்களாம். நீ அழமாட்டாய், கோபப்படுவாய் என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டு, அவளுடைய குசினிக்குள் போய் அங்கே கிடந்த கோப்பை எல்லாவற்றையும் கழுவினேன்.

அதே நேரம் எங்கள் வீட்டில் வேறொரு அலுவல் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஒரே மகள். ஒடென்சேயில் படிக்கும்போது ஹேர்னிங்கைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெடியனோடு பழகி, இரண்டு பேரும் விரும்பியிருந்தார்கள். சைவப் பிள்ளை, யாழ்ப்பாணத்து ஆட்கள், நல்ல வேலை. என் கணவர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். பெடியனின் தாய் தகப்பன் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். தகப்பன் தையல் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் வாய் திறக்கவில்லை. தாய் பயந்த சுபாவம். ஊரில் எவடம் என்று என் கணவர் கேட்டதற்கு, ஒரு பெரிய கோயிலின் பெயரைச் சொல்லி, அதுக்குக் கிட்ட என்று மட்டும் சொன்னார்கள். இரண்டாம் முறை நாங்கள் ஹேர்னிங்குக்குப் போய் நாள் வைப்பதாகப் பேச்சு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம் சாவீட்டில் சங்கு ஊதுவதும் சேமக்கலம் என்ற வெண்கலத் தட்டு அடிப்பதும் யார் வேண்டுமானாலும் செய்கிற காரியம் இல்லை. அதற்கென்று பிறந்த ஆட்கள் என்று சிலரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் வந்து ஊதுவார்கள், வீட்டுப் படலைக்கு வெளியே தாங்களாகவே ஒதுங்கி நிற்பார்கள், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள். டென்மார்க்குக்கு வந்து முப்பது நாற்பது வருடமாகியும் அந்தக் கணக்கு எங்களை விட்டுப் போகவில்லை. ஆனால் சாதி என்ற சொல்லை இங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. 'ஊரிலை எவடம்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

சிநேகிதி செத்த அன்று என் கணவர் என்னை இருத்தி வைத்துச் சொன்னார்.

"இஞ்சரும், காட்டுக்கை ஊதுறது வேறை, செத்தவீட்டிலை ஊதுறது வேறை. பிள்ளையின்ர அலுவல் நடக்கேக்கை உமக்கு இது தேவையோ? அவளின்ர கலியாணத்துக்குச் சங்கு ஊதிப்போடாதையும்."

செத்தது என் சிநேகிதி, நான் வாக்குக் கொடுத்தவள், போகத்தான் போகிறேன் என்றேன். சுடலைக்குப் பொம்பிளை போகிற வழக்கமும் எங்களுக்கு இல்லை என்றார். அப்படியென்றால் நீங்கள் வந்து ஊதுங்கள் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

அடக்கத்தன்று நல்ல குளிர். உதடு விறைத்துவிடும் என்று வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு நின்றேன். பெட்டியை இறக்கினதும் நான் தொடங்கினேன், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சுரம் உடையவில்லை. எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். என்னை இந்தக் கூட்டத்துக்குள் இழுத்துவிட்டு இடையில் விட்டுப் போய்விட்டாளே என்று மனதுக்குள் அவளைத் திட்டித் திட்டித்தான் ஊதி முடித்தேன். அவள் சொன்னதுபோல, அழவில்லை.

எங்கள் இல்லத்தில் வேலை செய்யும் இன்னொரு தமிழ்ப் பிள்ளை அதை வீடியோ எடுத்திருந்தாள். பெருமையில்தான் எடுத்தாள், அவளில் பிழையில்லை. 'எங்கட அக்கா' என்று எழுதி வாட்ஸப்பில் போட்டாள். அது ஒரு கையிலிருந்து மற்றக் கைக்குப் போய், இரண்டு நாளில் ஹேர்னிங்குக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தக் கிழமையே பெடியனின் தாய் தொலைபேசியில் அழைத்தா. என் கணவர் எடுத்து, நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். சுகம் விசாரித்தா, குளிரைப் பற்றிக் கதைத்தா, பிறகுதான் கேட்டா.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அக்கா ஊதுற வீடியோ பார்த்தனாங்கள். ஊரிலையும் உங்கட ஆக்கள் ஊதினவையே?"

அவவுடைய குரல் நடுங்கியது. அருவருப்பில் நடுங்குகிறது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம். என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"சீச்சீ, என்ன கதை கதைக்கிறியள்? இது டெனிஷ் ராசா வீட்டுச் சாமான். பிரபுக்களின்ர கேடயத்திலை பொறிச்சு வைச்சிருக்கினம், படம் அனுப்புறன் பாருங்கோ. எங்கட பரம்பரையிலை ஒருத்தரும் செத்தவீட்டிலை ஊதினதில்லை. அதுக்கு ஊரிலை வேறை ஆக்கள் இருந்தவை. அந்த ஆக்களை நாங்கள் படலைக்கு உள்ளை எடுக்கிறேல்லை."

தாய் கடைசிவரை கேட்டா. பிறகு, "ஓமண்ணை, ஓம்" என்றா. வைத்துவிட்டா. என் கணவர் கேடயப் படத்தையும் அனுப்பிவிட்டு, ஆளுக்கு வாய் அடைத்துப் போய்விட்டது என்று திருப்தியாகச் சொன்னார். நான் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு, நல்லாச் சொன்னீர்கள் என்றேன். என் கொம்பை யாரும் குறைவாகப் பேசாமல் அவர் காப்பாற்றிவிட்டார் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெடியனின் தகப்பனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. இந்த அலுவல் சரிவராது, மன்னிக்க வேண்டும். வேறு ஒரு சொல் இல்லை. பெடியனும் மகளிடம் காரணம் சொல்லவில்லை. அம்மா சாப்பிடுகிறா இல்லை, கொஞ்சம் பொறு என்று மட்டும் சொன்னானாம்.

பழி முழுக்க என்னில் விழுந்தது. என் கணவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் என்னைப் பாராமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவார். மகள் வேலையால் வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு நாள் டெனிஷில் கேட்டாள்: செத்துப்போனவளுக்குக் காது கேட்காது, அப்படியிருக்க ஊதாமல் இருந்திருக்கக் கூடாதா? நாங்கள் சும்மா விடவில்லையடி, அப்பா எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினவர் என்று, அந்தத் தொலைபேசிக் கதையை முதலிலிருந்து கடைசிவரை அவளுக்குச் சொன்னேன். நான் குசினியில் நின்று கேட்டதையும், நல்லாச் சொன்னீர்கள் என்றதையும் சொன்னேன். அவள் அழுது வீங்கிய கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொம்பைத் துணியில் சுற்றி நிலவறையில் வைத்தேன். செவ்வாய்க்கிழமைகளில் போகவில்லை. கூட்டத்திலிருந்து அழைத்தபோது தோள்மூட்டு நோகிறது என்று பொய் சொன்னேன். பெற்ற பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு இனி என்ன ஊதல் என்று இருந்தது. என் சிநேகிதியில்கூடக் கோபம் வந்தது.

பனி கரையத் தொடங்கிய ஒரு பின்னேரம், வேலை முடிந்து காருக்கு வந்தால், பக்கத்தில் பெடியனின் தகப்பன் நிற்கிறார். ஹேர்னிங்கிலிருந்து தனியாகக் காரோட்டி வந்திருக்கிறார். உள்ளே வாருங்கள், கோப்பி தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். நான் அவரை நன்றாக நாலு வார்த்தை கேட்பதற்காகத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தங்கச்சி, நீங்கள் ஊதுறதை விட்டிட்டியள் எண்டு மகன் சொன்னவன். அதுக்குத்தான் வந்தனான். நீங்கள் ஊதினதிலை எங்களுக்கு ஒண்டும் இல்லை."

பிறகு எதற்கு என் பிள்ளையை அழ வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கார்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர அப்பு ஊரிலை சங்கு ஊதினவர். அவரின்ர தகப்பனும் அதுதான். இஞ்சை வந்து ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மகனுக்கும் சொல்லேல்லை. உங்கட வீடியோவைப் பார்த்திட்டு என்ர மனுசி அழுதவ, தங்கச்சி. சந்தோசத்திலை அழுதவ. எங்கட ஆக்கள்தான், இனி ஒளிக்கத் தேவையில்லை எண்டவ. அதைக் கேக்கத்தான் ஃபோன் எடுத்தவ."

அன்று என் கணவர் தொலைபேசியில் சொன்ன படலை என்ற சொல் எனக்குக் காதுக்குள் கேட்டது. மகனுக்கு இப்போதுதான் சொன்னார்களாம். டெனிஷில் விளங்கப்படுத்தச் சொல் இல்லாமல் தகப்பனும் மகனும் ஒரு பின்னேரம் முழுக்கக் கஷ்டப்பட்டார்களாம். வீட்டில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம், ஒளித்து ஒளித்து எங்களுக்கும் அலுத்துப்போய்விட்டது என்றார். ஊதுங்கள், விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மன்னியுங்கள் என்று ஒரு சொல்லை நான் தேடி எடுப்பதற்குள் கார் தெருவில் ஏறிவிட்டது.

வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவருக்கும் கண் கலங்கும், வெட்கப்படுவார், இப்போதே ஹேர்னிங்குக்குப் போவோம் வெளிக்கிடும் என்பார் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதனைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன். அவர் கதிரையில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். அத்தனை கிழமையாக அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கழன்று போனது.

"நல்ல காலம்," என்றார். "நாங்கள் தப்பினம்."

மகள் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மப்பாவின் செத்தவீட்டில் சங்கு ஊதியது யார் என்று கேட்டாள். அதற்கு ஆட்கள் இருந்தார்கள் என்றார் அவர். அந்த ஆட்களுடைய பெயர் என்ன என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். செத்தது என் அப்பா, ஊதியவரின் பெயர் எனக்கும் தெரியவில்லை.

அவள் எழும்பி அறைக்குள் போய் ஒரு பையோடு வந்தாள். ஹேர்னிங்குக்குப் போகிறேன், அவர்கள் கதவைத் திறந்தால் உள்ளே போவேன், திறக்காவிட்டால் வாசலில் இருப்பேன் என்றாள். நானும் பாய்ந்து எழும்பினேன். பொறு பிள்ளை, நானும் வாறன், அவவின் காலில் விழுந்தாவது கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மேலங்கியை எடுத்தேன். மகள் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கித் திரும்பக் கொழுவிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நீங்கள் வரவேண்டாம் அம்மா. அண்டைக்குக் குசினியிலை நிண்டது நீங்கள்தானே."